போட்டு வாங்குகிற பாஷை

தங்கை மகள் ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். இடது பக்கம் ஆங்கில வினைச்சொல், அதன் வாலில் ஒரு பொடிச்சொல், வலது பக்கம் தமிழில் பொருள். ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப், முப்பது நாளில் மனப்பாடமாகிவிடுமாம். "பெரியம்மா, இத முடிச்சுட்டா அங்க சமாளிச்சிரலாம்லா?" என்று கேட்டிருந்தாள். அவளும் என்னைப் போல நர்ஸ்.

அவள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. வேலை விசாவுக்கு வேண்டிய ஆங்கிலத் தரத்தை பி1-லிருந்து பி2-க்கு உயர்த்தப்போவதாக பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் சொன்னதிலிருந்தே எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கை வீட்டுக்காரர்தான் நடுவர், பேச்சாளரும் அவரே. "போற ஊர் பாஷை தெரியாமப் போகலாமா?" என்பது அவர் கட்சி. போகக்கூடாதுதான். நர்ஸ்களுக்கு அதைவிடக் கடுமையான தேர்வு ஏற்கெனவே இருக்கிறது என்று நான் எழுதினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எரிச்சல் அதில் இல்லை. பாஷை தெரிவது என்றால் என்னவென்று குழுவில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ, 2002-ல் விமானம் ஏறும்போது நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் அதில்தான்.

ரென் அண்ட் மார்ட்டினை அட்டை பிய்யும்வரை படித்தவள் நான். எக்ஸ்டிங்விஷ் தெரியும், டாலரேட் தெரியும், சம்மன் தெரியும், கன்வேலசன்ஸ் என்ற சொல்லை ஸ்பெல்லிங் பிசகாமல் எழுதத் தெரியும். யார்க்‌ஷையரில் ஒரு ஆஸ்பத்திரியில் அடாப்டேஷன் காலம். முதல் நாள் காலை ஹேண்டோவரில், ஆறாம் படுக்கைப் பாட்டி தன் பிரேக்ஃபாஸ்ட்டை 'பிராட் அப்' செய்துவிட்டாள் என்றார்கள். பிரிங் அப் என்றால் பிள்ளையை வளர்ப்பது என்று படித்திருந்தேன். காலைச் சாப்பாட்டை எப்படி வளர்ப்பது? மற்றவர்கள் முகம் சுளித்ததைப் பார்த்துத்தான் வாந்தி என்று புரிந்தது. அடுத்த வாரம் ஒரே நாளில் 'கம் ரவுண்ட்' மூன்று தடவை வந்தது. ஆபரேஷன் முடிந்தவருக்கு மயக்கம் தெளிகிறது, அவர் மகள் சாயங்காலம் வந்து பார்ப்பாள், முதியோர் இல்லத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் இன்னொரு தாத்தாவுக்கு மெல்ல மனசு மாறும். மூன்றுக்கும் அதே இரண்டு சொல்.

ஒரு ராத்திரி நடந்ததை இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. கடைசிப் படுக்கையில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி. மூச்சிரைப்பு. தலையணையைச் சரிசெய்து, தண்ணீர் எட்டும்படி நகர்த்திவைத்து, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்தி, "டோன்ட் புட் யுவர்செல்ஃப் அவுட், லவ்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது புட் அவுட் மட்டும். புட் அவுட் என்றால் அணைப்பது; விளக்கு, நெருப்பு, மெழுகுவத்தி. ரென் அண்ட் மார்ட்டின் சாட்சி. தலைமாட்டு விளக்கை அணைத்துவிட்டு, "குட் நைட், சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் சொன்னது, 'எனக்காக இவ்வளவு சிரமப்படாதேம்மா'. பாதி படித்த செய்தித்தாளை மார்பில் வைத்துக்கொண்டு இருட்டில் படுத்திருந்திருக்கிறார். மணி அடிக்கவில்லை. காலையில் என்னோடு வேலை பார்த்த உதவியாளப் பெண்ணிடம், தான் ஏதோ தப்பாகப் பேசி அந்த இந்தியப் பெண்ணைக் கோபப்படுத்திவிட்டதாக வருத்தப்பட்டிருக்கிறார்.

அந்த உதவியாளப் பெண்தான் எனக்கு வாய்த்த முதல் வாத்தியார். பதினாறு வயதோடு படிப்பை விட்டவள். "நீ கவுன்சிலிலிருந்து வருகிற கடிதாசி மாதிரிப் பேசுகிறாய்" என்றாள் ஒருநாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பாராட்டு இல்லை என்று புரிய ஒரு குளிர்காலம் ஆனது. நாங்கள் படித்துக்கொண்டு வந்தது காகிதத்தின் ஆங்கிலம். 1066-க்குப் பிறகு நார்மன்களின் பிரெஞ்சும், ஏட்டிலிருந்து லத்தீனும் கொண்டுவந்து கொட்டிய பெரிய பெரிய சொற்கள். சட்டத்துக்கும் சர்க்காருக்கும் அவை. அடுப்படியிலும் படுக்கையிலும் இந்த ஊர் சனங்கள் பேசுவது கெட், புட், டேக், கம், கோ என்ற ஐந்தாறு குட்டிச் சொற்களை வைத்துக்கொண்டுதான். அந்த ஐந்திலும் கெட், டேக் இரண்டும் வைக்கிங்குகளோடு கடல் தாண்டி வந்தவை. இந்த யார்க்‌ஷையரில்தான் அவர்கள் வந்து குடியேறினார்கள். வந்தேறிச் சொற்களுக்கு யாரும் பி2 பரீட்சை வைத்ததாகத் தெரியவில்லை.

இது நம் ஊர் மூளைக்கு மட்டும் வந்த குழப்பம் என்று யாரும் தாழ்ந்துபோக வேண்டியதில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்: வினையோடு ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வெளிநாட்டாரை மிகவும் சிரமப்படுத்துகிறது, அதனால் இவற்றைக் கவனமாகக் குறித்துவைத்திருக்கிறேன் என்கிறார். அதைப் படித்தபோது இருநூற்றைம்பது வருஷம் முன்கூட்டியே எனக்கு யாரோ மன்னிப்புக் கடிதம் எழுதிவைத்ததுபோல இருந்தது. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித், 1925-ல். அந்தப் பெயரை யோசனை சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே எழுதினார். ஸ்மித் அமெரிக்காவில் பிறந்து இங்கே வந்து குடியுரிமை வாங்கியவர். அதாவது, இந்தச் சமாச்சாரத்துக்குப் பெயர் நிலைக்க வைத்தவரும் குடியேறிதான்.

சரி, எனக்கு எப்போது பிடிபட்டது? ஒரு விடியற்காலை. அதே உதவியாளப் பெண் ஒரு பாட்டியின் பக்கத்தில் டீக் கோப்பையோடு நின்று, "ட்ரிங்க் அப், லவ்" என்றாள். ட்ரிங்க் புரிகிறது. அப் எதற்கு? மேல்நோக்கிக் குடிப்பதா? அவள் நின்ற நிலை எங்கேயோ பார்த்த நிலையாக இருந்தது. ஒரு கை இடுப்பில், ஒரு கை கோப்பையை வாங்கத் தயாராக. நாகர்கோவிலில் எங்கள் ஆச்சி சுக்குக் காப்பி டம்ளரோடு இப்படித்தான் நிற்பாள். "குடிச்சிரு மக்கா." குடி என்றால் வெறும் கட்டளை. குடிச்சிரு என்றால் மிச்சம் வைக்காதே, ஆறிப்போகும், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எனக்கு அடுத்த சோலியைப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவும் அதற்குள் இருக்கிறது. அந்த 'அப்' எங்கள் 'விடு'. அவ்வளவுதான் விஷயம்!

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஈட் அப், சாப்பிட்டுவிடு. புட் பை, எடுத்துவை. ட்ரை அவுட், செய்துபார். கேரி ஆன், நடத்திக்கொண்டே இரு. ஸ்லீப் இட் ஆஃப், தூங்கித் தீர்த்துவிடு. இவர்கள் வினைக்குப் பின்னால் திசையை ஒட்டுகிறார்கள், நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். ஒட்டியதும் இரண்டாவது சொல் தன் சொந்தப் பொருளை உதறிவிடுகிறது. காட்டிக்கொடுப்பவன் எதைக் கையில் கொடுக்கிறான்? எழுதித் தள்ளுபவன் யாரைத் தள்ளுகிறான்? புட் என்ற சொல்லைக் கண்டு அழுத நான், போடு என்ற சொல்லைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஊசி போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஆடு குட்டி போடுகிறது. போதாததற்கு ஒருவனைப் போட்டுக்கொடுக்கலாம், போட்டுத்தள்ளலாம், வாயிலிருந்து விஷயத்தைப் போட்டு வாங்கலாம், ரகசியத்தைப் போட்டு உடைக்கலாம். இந்த நாலையும் ஒரு யார்க்‌ஷையர்க்காரனுக்கு முப்பது நாளில் கற்றுக்கொடுக்க எந்தப் புத்தகத்தால் முடியும்?

ஆனால் ஒரு இடத்தில் ஆங்கிலம் நம்மைவிட முரண்டு பிடிக்கும் மாடு என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இட் என்ற துக்கடாச் சொல் எங்கே உட்காரும் என்பது. புட் இட் ஆஃப் சரி, புட் ஆஃப் இட் தப்பு. லுக் ஆஃப்டர் இட் சரி, லுக் இட் ஆஃப்டர் தப்பு. ஏன் என்று கேட்டால் இங்கே பிறந்தவர்கள் மூக்கைச் சுருக்கி, "ஜஸ்ட் சவுண்ட்ஸ் ராங்" என்கிறார்கள். நாமும் வினைக்கும் துணைவினைக்கும் நடுவே ஒரு 'ஏ' செருகுவோம், சொல்லியே விட்டான் என்று. அதோடு சரி, ஒரு முழு ஆளை நடுவில் உட்காரவைப்பதில்லை.

நாம் ஃப்ரேசல் வெர்ப் தெரியாத சனம் என்றும் சொல்லமுடியாது. நமக்கு வேண்டிய மாதிரி மாற்றி வைத்துக்கொண்டோம். மேக்கப், செட்டப், கெட்டப், லாக்கப், செக்கப், கட்டவுட், லேஅவுட். வினையாக வந்ததைப் பெயர்ச்சொல்லாக மடக்கி, பின்னால் ஒரு பண்ணு, ஒரு கொடு போட்டு வேலை வாங்குகிறோம். 'ஒர்க்கவுட் ஆகாது' என்று எங்கள் ஊர் ஆட்டோக்காரர் சொல்வது சுத்தமான தமிழ். பாஸ் அவுட் மட்டும்தான் மானத்தை வாங்கியது. 1996-ல் பாஸ் அவுட் ஆனேன் என்று நேர்காணலில் சொன்னேன். எதிரே இருந்த அம்மாள் பரிவோடு, அதற்கப்புறம் மயக்கம் எதுவும் வந்ததா என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. இதை இந்த ஊருக்கு நான் ஒரு பெரிய மார்க்காகப் போடுவேன். எங்கள் நர்சிங் ஹாஸ்டலில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் அவளுக்கு அதுதான் பெயர். இங்கே நான் தப்பாகச் சொன்னதைப் பாட்டிகள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, திருத்தியது தெரியாதமாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்கள். அதே ஊர்தான், இலக்கணம் பிசகாத வாக்கியத்துக்கும் என் நாக்கின் நாஞ்சில் நாட்டு உருட்டலைக் கேட்டு "சாரி?" என்று காதை நீட்டும். இரண்டும் உண்டு.

கோபத்தையும் இவர்கள் அந்தச் சின்னச் சொற்களில்தான் சுருட்டி வைக்கிறார்கள். மாற்றி எடுத்துக்கொண்ட ஷிஃப்டை ஒருமுறை மறந்துவிட்டேன். மேலாளர் மறுநாள் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "யூ லெட் மீ டவுன்" என்றார். நாலே சொல். எல்லாமே ஒற்றை அசை. துணி அடுக்கும் அறைக்குப் போய் அழுதேன். நம்பினவளைக் கைவிட்டுவிட்டாய் என்பதை இதைவிடச் சின்னதாகச் சொல்லமுடியாது, இதைவிட ஆழமாகவும் குத்தமுடியாது. நான் முதலில் வேலை பார்த்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தால் சிஸ்டர் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசியிருப்பார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, "சாளைக் கறி இருக்கு, வந்து தின்னு தொலை" என்று கூப்பிட்டிருப்பார்கள். அந்தத் தொலையில் மன்னிப்பு இருக்கிறது. லெட் டவுனுக்கு அப்படி ஒரு மத்தியானம் கடைசிவரை வரவில்லை.

இந்தத் தொலையை என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு! இங்கே பிறந்தவள். ஃப்ரேசல் வெர்பெல்லாம் பால் பற்களோடு முளைத்துவிட்டன. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் குறள் பத்து ஒப்பிப்பாள், ஐந்திணையும் சொல்வாள். துணைவினையை அங்கே யாரும் தொடவில்லை. இ. அண்ணாமலை 1985-ல் தமிழ் வினையின் இந்த நீட்சியைப் பற்றியே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். 1992-ல் வந்த க்ரியா அகராதி துணைவினைகளைத் தனியே பிரித்துப் பொருள் சொன்னது. அறிஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நம் பாடப் புத்தகங்களுக்குத்தான் அது கொச்சை. ஆகவே என் மகள் தமிழை, நான் ஆங்கிலத்தைக் கற்ற மாதிரி, கேட்டுக் கேட்டுப் பொறுக்கினாள். பனி கொட்டிய ஒரு சாயங்காலம், அவள் அப்பா இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். கதவுச் சத்தம் கேட்டதும் நான் அடுப்படியிலிருந்து, "வந்து தொலைஞ்சாச்சா" என்றேன். சற்று நேரத்தில் ஊரிலிருந்து மாமியார் போன். ஏழு வயசுக்காரி மரியாதையோடு எடுத்து, "ஆச்சி, அப்பா இப்பதான் வந்து தொலைஞ்சாங்க" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மாமியார் கேட்டது என்னைத்தான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பிள்ளையைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. நான் விளக்கை அணைத்தேன், அவள் அப்பாவைத் தொலைத்தாள்.

இதையெல்லாம் தங்கை மகளுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். பதினோரு நிமிடம். பட்டியலை மூடி வை, ஒரு சொல்லை அது வந்த படுக்கையோடு, சொன்ன முகத்தோடு ஞாபகம் வை, 'குடி'க்கும் 'குடிச்சிரு'வுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் யோசித்துப் பார் என்று உருகி உருகிச் சொல்லியிருந்தேன். பத்து நிமிடத்திலேயே பதில் வந்தது, முழுக்கக் கேட்டிருக்கமாட்டாள்.

"பெரியம்மா, பில்டப் குடுக்காதீங்க. லிஸ்ட்ல எது முக்கியம்னு மட்டும் டிக் பண்ணி அனுப்புங்க."

பன்னிரண்டை டிக் செய்து அனுப்பியிருக்கிறேன். முதலாவது, புட் அவுட்.