அசுத்தமான வீட்டில் வஸிய்யத் எழுதச் செல்லும்போது





ஈமானில் தூய்மைக்குப் பாதி இடம் உண்டு என்பதை நம் பிள்ளைகள் மத்ரஸாவின் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஒளுவின் பர்ளுகளையும் நஜீஸின் வகைகளையும் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால், தூய்மை இல்லாத ஒரு வீட்டிற்குள் ஒரு முஸ்லிம் எப்படி நுழைய வேண்டும், அங்கே படுத்திருப்பவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நாம் அவர்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுப்பதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

நான் பெண்கள் மத்ரஸாவில் பாடம் நடத்துபவள். எங்கள் ஊர் கடற்கரையை ஒட்டியது. ஆண்களில் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் பிழைப்பவர்கள். பெரிய வீடுகளில் வயது முதிர்ந்த தாய்மார்கள் தனியே வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் வஸிய்யத் எழுத விரும்பினால், பெண் ஒருத்தி உடனிருந்து கேட்டு எழுதுவது அவருக்கு எளிதாக இருக்கும் என்பதால் ஜமாஅத்தார் என்னை அனுப்புவார்கள். நான் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டுவேன். பின்னர் சாட்சிகளான ஆண்கள் இருவர் உள்ளே வந்து, அவர் வாயாலேயே அதைக் கேட்டுக் கையொப்பமிடுவார்கள்.

முஸ்லிம்களின் வஸிய்யத்திற்கு நம் நாட்டுச் சட்டம் தனி வடிவம் எதையும் கட்டாயமாக்கவில்லை. வாய்மொழியாகவும் செய்யலாம். எனினும், எழுதி வைப்பதே பிற்காலத்துச் சண்டைகளைத் தடுக்கும். பதிவு செய்ய விரும்பியும் அலுவலகம் வர இயலாத நோயாளியின் வீட்டிற்கே சார்பதிவாளர் வர 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 31ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. ஆகவே, "படுத்த படுக்கையாகிவிட்டார், இனி என்ன செய்ய முடியும்?" என்று எவரும் கைவிட வேண்டியதில்லை.

அப்படிச் செல்லும் வீடுகளில் சில, கால் வைக்க இடமில்லாதவை. பழைய நாளிதழ்க் கட்டுகள், பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிகள், காலியான பால்மாவு டின்கள், காலாவதியான மாத்திரை அட்டைகள், மூலையில் எலிப் புழுக்கை, படுக்கையருகே சிறுநீர் வாடை. முதன்முறை காண்பவருக்கு முகம் சுளிக்கவே தோன்றும். அந்தச் சுளிப்பைப் படுத்திருப்பவர் பார்த்துவிட்டால், அதன் பின் அவர் நம்மிடம் மனம் திறக்க மாட்டார். வஸிய்யத்தின் உயிரே அவர் மனம் திறந்து பேசுவதில்தான் இருக்கிறது.

பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும் என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் சூரத்துந் நூர் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளைக்குத் துப்புரவான வீடு, குப்பையான வீடு என்ற பாகுபாடு இல்லை. குப்பை மலிந்த வீட்டுக்காரர் வாசலிலேயே தயங்கி நிற்பார். "இன்னொரு நாள் வாங்களேன் மகளே" என்பார். அவருக்கு வெட்கம். அப்போது வற்புறுத்தாமல், "திண்ணையிலேயே உட்கார்ந்து பேசலாமே மாமி" என்று சொன்னால் பாதி பாரம் இறங்கிவிடும். உள்ளே சென்றபின் கண்களையும் அடக்க வேண்டும். பிறர் குறைகளைத் துருவாதீர் என்னும் சூரத்துல் ஹுஜுராத்தின் தடை, அலமாரிக்கும் அடுப்படிக்கும் சேர்த்துத்தான். அங்கே கண்டதை வெளியே வந்து பேசினால் அது புறமும் ஆகும், அமானித மோசடியும் ஆகும்.

நான் கொண்டுசெல்லும் பை சிறியது. மேசை கிடைக்காது என்பதால் பிள்ளைகள் பயன்படுத்தும் பரீட்சை அட்டை ஒன்று, பேனா இரண்டு, ஸ்டாம்ப் பேடு, கைரேகை பதித்தபின் விரல் துடைக்க ஈரத் துணி, மங்கலான அறைகளுக்கு ஒரு டார்ச் விளக்கு, மாற்றுக் காலுறை. செருப்பை வாசலில் கழற்றுவது நம் வழக்கம். தரை ஈரமாகவோ கண்ணாடிச் சில்லுடனோ இருந்தால், "காலில் புண் பட்டுவிடும், செருப்போடு வரட்டுமா?" என்று கேட்டுவிடுவேன். எலிகள் உலவும் வீட்டின் ஈரத்தில் வெறுங்காலுடன் நடப்பது எலிக்காய்ச்சலுக்கு இடம் கொடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூக்கைப் பொத்துவது மனத்தைப் புண்படுத்தும். முகக்கவசத்தையோ கொரோனாவுக்குப் பின் எவரும் தவறாக எண்ணுவதில்லை. நோயாளியின் நலனுக்காகவே அணிந்திருக்கிறோம் என்று அவர்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

தேநீர் நீட்டப்படும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். குவளையைப் பார்த்துவிட்டு, "நான் நோன்பு" என்று பொய் சொல்லித் தப்பிக்கிறவர்கள் உண்டு. மார்க்கத்தின் பெயரால் பொய் சொல்வது எவ்வளவு பெரிய அவலம்! நான் திங்கள், வியாழன் நோன்பு வைப்பவள். ஆகவே, இத்தகைய வீடுகளுக்குப் பெரும்பாலும் அந்த நாள்களிலேயே அஸருக்குப் பின் செல்கிறேன். மற்ற நாள்களில், "இப்போது வேண்டாம் மாமி, துஆ மட்டும் செய்யுங்கள்" என்று உண்மையைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும்.

"அந்த வீட்டுக்குப் போய் வந்த உடையோடு தொழலாமா?" என்று மாணவியர் கேட்பார்கள். தூசியும் ஒட்டடையும் அழுக்குத்தான், நஜீஸ் அல்ல. பூனை வாய் வைத்ததும் நஜீஸ் அல்ல. சிறுநீரும் மலமும் பட்டது உறுதியானால் அந்த இடத்தைக் கழுவ வேண்டும். பட்டிருக்குமோ என்ற ஐயத்தால் மட்டும் உடை அசுத்தமாகிவிடாது. உறுதியானதை ஐயம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. தரை காய்ந்திருந்தால் அதன்மேல் சுத்தமான முஸல்லா விரித்துத் தொழலாம். மார்க்கம் இத்தனை எளிதாக்கி வைத்திருக்க, "அந்த வீட்டுக்குப் போனால் தொழுகை கெட்டுவிடும்" என்று நாமே ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றேன். கணவர் காலமாகிவிட்டார். மூன்று மகன்களும் வெளிநாட்டில். அவருடைய தங்கை மகன் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஒற்றையடிப் பாதை போல ஓர் இடைவெளி. இருபுறமும் கூரை உயரத்திற்குப் பெட்டிகள். அந்தத் தம்பி, "பெரியம்மாவுக்கு நிதானம் இல்லை, வீட்டைப் பார்த்தாலே தெரியவில்லையா? வீட்டை எனக்கு ஹிபா என்று எழுதிக் கைரேகை வாங்கிவிடுங்கள்" என்றார்.

நிதானம் இல்லாதவரின் கைரேகைக்கு என்ன மதிப்பு? அவரை முற்றத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அம்மூதாட்டியின் அருகில் அமர்ந்தேன். இன்று என்ன கிழமை, பிள்ளைகள் எத்தனை பேர், சொத்து எது எது என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தது. வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டபோது, "ரெண்டாம் ரூமில், அரிசி டிரம்முக்குப் பின்னால், பச்சை பிஸ்கட் டின்னில்" என்றார். டார்ச் அடித்துத் தேடினால் அதே இடத்தில், அதே டின்னில் இருந்தது. நமக்குக் குப்பையாகத் தெரிந்த அவ்வீட்டின் வரைபடம் அவர் நெஞ்சில் பிசகாமல் இருந்தது. வீட்டின் நிலையை வைத்து ஒருவரின் அறிவை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பிறகு மார்க்கத்தின் அளவுகளை எடுத்துச் சொன்னேன். ஹிபா நிறைவேறச் சொத்தைக் கையில் ஒப்படைக்க வேண்டும். மரண நோயில் செய்யும் ஹிபாவோ, வாரிசுகள் இசையாவிட்டால், வஸிய்யத்தைப் போலவே மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும். நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களைக் காணச் சென்ற நபி (ஸல்) அவர்கள், மூன்றில் இரண்டையும் பாதியையும் மறுத்து மூன்றில் ஒன்றுக்கு மட்டும் இசைந்து, அதுவே அதிகம் என்றார்கள். மகன்கள் இருக்கையில் தங்கை மகன் வாரிசு அல்லர். ஆகவே அவருக்கு அந்த ஒரு பங்குக்குள் வஸிய்யத் செய்யலாம்.

மூதாட்டி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "அந்த ஒரு பங்கை அவனுக்கே எழுது. எனக்குக் கஞ்சி ஊட்டியவன் அவன்தான். மலஜலம் அள்ளியவனும் அவன்தான். மீதி என் பிள்ளைகளுக்கு" என்றார். ஊரார் பேராசைக்காரன் என்று பேசிய அந்தத் தம்பி, வாசித்துக் காட்டியபோது தலைகுனிந்து அழுதார். முழு வீடும் கிடைக்காத வருத்தமா, தன் பணிவிடை ஏட்டில் ஏறிய நிம்மதியா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அந்தப் பெட்டிகளை ஏன் வைத்திருக்கிறார் என்று பின்னொரு நாள் கேட்டேன். கணவர் துபாயிலிருந்து அனுப்பியவையாம். ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்து இருந்தது. பொருள்களை விட மனம் வராமல் சேர்த்துக்கொண்டே போவதை மருத்துவ உலகம் ஒரு நோயாகவே கருதுகிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அதைத் தனி நோயாகச் சேர்த்தது. துக்கமும் தனிமையும் அதை வளர்க்கக்கூடும். சோம்பல் என்று ஏசினால் நோய் தீராது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனையும், 14567 என்ற எண்ணில் முதியோர் உதவியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவர் மருத்துவமனையில் இருக்கும்போது வீட்டைக் காலி செய்து வியப்பூட்ட எண்ணாதீர்கள். அது பிறர் உடைமையை அனுமதியின்றி அழிப்பதாகும். எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் அந்த மூதாட்டியை நாற்காலியில் அமர்த்தி, ஒவ்வொரு பொருளாகக் காட்டி, "இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டுக் கேட்டே மூன்று நாள்களில் கூடத்தைச் சுத்தம் செய்தார்கள். கையெழுத்துள்ள அட்டைகளை வெட்டி ஒரு பெட்டியில் போட்டு அவர் தலைமாட்டில் வைத்தார்கள். மற்றவற்றை அவரே போகச் சொல்லிவிட்டார். மஸ்ஜிதைக் கூட்டிச் சுத்தம் செய்த பெண்மணி மறைந்ததைப் பின்னர் அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவருடைய கப்ரைத் தேடிச் சென்று தொழுவித்தார்கள். துடைப்பம் பிடித்த கைக்கு நம் மார்க்கத்தில் அத்தனை மரியாதை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே! வீடியோ அழைப்பில் உம்மாவின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். அவர் பின்னால் இருக்கும் அறையையும் பாருங்கள். பணம் அனுப்புவதோடு, கூட்டித் துடைக்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். உள்ளூரில் இருப்பவர்களே! நாற்றம் வருகிறது என்று பேசுமுன், கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள். கண்களைத் தாழ்த்தி உள்ளே செல்லுங்கள். கண்டதை மறைத்து வெளியே வாருங்கள்.

முதியோரின் கண்ணியத்தைக் காக்கும் நஸீபை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் வீடுகளையும் உள்ளங்களையும் அவன் தூய்மையாக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.