நூல் விலை ஏறாத விளையாட்டு

உயர்தர வகுப்புக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் 'விளையாட்டு' என்ற சொல்லுக்கே இடமில்லை. "சோதின எடுக்கிற புள்ளைக்கு என்ன விளையாட்டு?" என்று உம்மா கேட்பார். ஆனாலும் சென்ற வருடம் நான் ஒரு விளையாட்டைச் செய்தேன். விளையாடியதை விட அதைச் செய்ததில்தான் நான் அதிகம் படித்தேன்.

எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர் போன ஊர். என் வாப்பாவும் நெசவாளியாக இருந்தவர்தான். 2022 இல் தறியை நிறுத்திவிட்டுக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தறி இன்னும் எங்கள் பின்னறையில் சாக்கால் மூடிக் கிடக்கிறது. ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

பாடசாலைக் கண்காட்சிக்கு வர்த்தகப் பிரிவும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பொருளியல் டீச்சர் சொன்னபோது மற்றவர்கள் வரைபடங்கள் கீறினார்கள். நான் பிரிஸ்டல் போர்ட் வெட்டினேன். நான்கு பேருக்கு நான்கு தறி. நூல் அட்டைகளைச் சேர்த்து, சாரம் நெய்து, சந்தையில் விற்க வேண்டும். அதிகம் நெய்தவர் வெற்றி. 'ஊடும் பாவும்' என்று பெயரும் வைத்தேன்.

முதல் எதிர்ப்பு மூத்தம்மாவிடமிருந்து வந்தது. நூல் எத்தனை எடுக்கலாம் என்பதைத் தாயக்கட்டை உருட்டித்தான் தீர்மானித்தோம். அதைக் கண்டதும், "தாயக்கட்டய இந்த ஊட்டுக்குள்ள உருட்டாத" என்று தஸ்பீஹை வைத்துவிட்டுச் சொன்னார். தாயக்கட்டை விளையாட்டைக் கண்டிக்கும் ஹதீஸ் இருப்பது எனக்கும் தெரியும். சூதில்லாவிட்டால் குற்றமில்லை என்று சொல்வோரும் இருக்கிறார்களே என்று வாதிட நினைத்தேன். ஆனால் மூத்தம்மா விளையாடாத ஒன்றை எங்கள் வீட்டில் யாரும் விளையாடமாட்டார்கள்.

கோபத்தோடு இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை ஐந்து எண் அட்டைகள் கொடுத்தேன். எல்லோரும் ஒன்றைத் தெரிந்து கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். பெரிய எண்ணை வைத்தவர் முதலில் நூல் எடுப்பார். பாவித்த அட்டை, ஐந்தும் முடியும் வரை கைக்குத் திரும்பாது. இப்போது தோற்றவர்கள் கட்டையைத் திட்டவில்லை. "நான்தான் அஞ்ச முந்திப் போட்டுட்டேன்" என்று தங்களையே நொந்துகொண்டார்கள். மூத்தம்மா தடுத்ததால்தான் என் விளையாட்டுக்குள் யோசனை வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செய்த விளையாட்டைப் பிறரை விளையாட வைத்துப் பார்க்கும்போது, செய்தவர் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். பெட்டிக்குள் விதித்தாள் மட்டுந்தான் போகும், நாம் கூடப் போகமாட்டோம். தோழிகள் விதியைப் பிழையாக வாசித்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டு கொப்பியில் குறித்தேன். எட்டு இடங்களில் பிழை என்னுடையதாகவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாப்பாவும் விளையாட வந்தார். நான்காம் சுற்றிலேயே எல்லோரையும் முந்திவிட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இரிக்கு மகள். ஆனா இதுல நூல் வில ஏறவே இல்லியே."

எனக்குப் பதில் வரவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதை நான் பொருளியல் கொப்பியில் எழுதியிருக்கிறேன். நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை என்பதும் தெரியும். அந்த இரண்டையும் எங்கள் பின்னறையோடு நான் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்றிரவு வாப்பா முதன்முறையாகக் கணக்குச் சொன்னார். ஒரு சாரத்துக்கு நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, விற்றால் என்ன மிஞ்சும், கடனுக்கு நூல் தந்தவர் எப்போது வாசலுக்கு வந்தார் என்றெல்லாம். நான் எழுதிக்கொண்டே போனேன்.

அடுத்த வடிவத்தில் விலை ஏறும் அட்டைகளைச் சேர்த்தேன். ஆறாம் சுற்றுக்குள் நால்வரும் கடனாளியானோம். தங்கச்சி அட்டையை எறிந்துவிட்டு எழும்பிப் போனாள். உண்மையாக இருந்தது, ஆனால் விளையாட முடியவில்லை. அதனால் இருவர் காசைச் சேர்த்து மொத்தமாக நூல் வாங்கலாம் என்று ஒரு விதி வைத்தேன். வாப்பாவிடம் பெருமையோடு காட்டினேன்.

"நாங்களும் சேர்ந்து வாங்கின மகள். அப்பயும் காணல்ல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா தனிய இரிந்ததவிட ரெண்டு மாசம் கூட ஓடிச்சு" என்றார்.

அதையே விதியாக்கினேன். சேர்ந்து வாங்கினால் வெற்றி நிச்சயமில்லை. இரண்டு சுற்று கூடத் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த நாட்களில்தான் எலிசபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றி வாசித்தேன். நிலச் சொந்தக்காரர் வாடகையால் பெருக, மற்றவர் வறுமைப்படுவதைக் காட்டவே அவர் ஒரு பலகை விளையாட்டைச் செய்து 1904 இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த மொனோபொலி 1935 இல் சந்தைக்கு வந்து உலகெங்கும் விற்றது. அவருடைய காப்புரிமைக்குக் கிடைத்தது 500 டொலர். அன்றே என் விதித்தாளின் அடியில் பெயரையும் திகதியையும் எழுதிவைத்தேன்.

கண்காட்சி முடிந்ததும் வாப்பாவோடு கல்முனையில் ஒரு கடை முதலாளியிடம் போனேன். ஒரே தாளில் எல்லாம் இருந்தது: 2 முதல் 4 பேர், 40 நிமிடம், 10 வயதுக்கு மேல். தறியின் பெருமை பற்றிப் பேசப் பாடமாக்கியிருந்தேன். அவர் கையை உயர்த்தி, "வெளயாடிக் காட்டுங்க புள்ள" என்றார். இரண்டு சுற்று விளையாடினார். பிறகு, "தாயக்கட்ட ஒண்டப் போட்டா லேசா விக்கலாமே" என்றார்.

மூத்தம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. ஆனால் நான் சொன்ன காரணம் வேறு. "அப்ப நீங்க தோத்தா கட்டையச் சொல்லுவீங்க. இதுல நீங்களே யோசிச்சு எடுத்த முடிவு" என்றேன். அவர் சிரித்தார். அச்சுக்கூலியைக் கேட்டு வரச் சொன்னார். இன்னும் முடிவு சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா பின்னறைக்குள் போனார். சாக்கை விலக்கி, தன் பழைய நாடாவைத் தூசு தட்டி எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தார். "முதல்ல வெளயாடுறவர்ர கையில இது இரிக்கட்டும்" என்றார். அந்த விதியை மட்டும் நான் எழுதவில்லை. அது வாப்பாவின் விதி.

விளையாட்டு விற்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வருடங்களாகக் கேட்காத கேள்விக்கு நாற்பது நிமிடத்தில் பதில் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். தோழியரே, உங்கள் வீட்டிலும் சாக்கால் மூடிய ஏதாவது இருக்கலாம். ஒரு மாலைப்பொழுது பக்கத்தில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.