மூடி எங்கப்பா?

2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி எலியட்ஸ் பீச்சில் அலையெல்லாம் நீலமாக மின்னியதே, ஞாபகம் இருக்கிறதா? மின்னியது நாக்டிலூகா. டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டத்தில் சில வகைகள் கெட்டியாக ஒரு கூடு கட்டி உள்ளே தூங்கும். பிறகு கூட்டை விட்டு வெளியேறிவிடும். காலிக் கூடு சேற்றில் புதைந்து படிமமாகும். (நாக்டிலூகா அந்த வகை இல்லை. பீச் கதை சும்மா உங்களை உள்ளே இழுக்க!)

என் புராஜெக்ட் இந்தக் கூடுகள்தான். கல் கல்லக்குடிப் பக்கத்துக் களிப்பாறை. வயது பத்து கோடி வருடத்துக்கும் மேல். ஊர்ப் பெயருக்காக 1953ல் தண்டவாளத்தில் படுத்தார்களே, அதே கல்லக்குடி. ஊருக்குப் பழைய பெயர் திரும்பிவிட்டது. பாறைக்கு மட்டும் புவியியலில் இன்றும் டால்மியாபுரம் என்றுதான் பெயர்.

கல்லை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பும் மணலும் கரைந்துவிடும். கூடு கரையாது. மிச்சத்தைச் சலித்து ஸ்லைடு போட வேண்டும். மூன்றாவது மாதம் அது கண்ணில் பட்டது. சின்ன உருண்டை, அதைச் சுற்றி நாதஸ்வர வாய் மாதிரி விரிந்த குழாய்கள். இடுப்பில் குழாய் கிடையாது, எனவே ஆலிகோஸ்ஃபெரிடியம் பேரினம். ஆனால் தலையிலும் ஒரு குழாய்கூட இல்லை! நாலு கூடு பார்த்தேன், நாலும் அப்படியே.

புது இனம் என்றால் ஒரே ஒரு கூட்டை மூல மாதிரியாகக் குறிக்க வேண்டும், படம் வேண்டும், விவரணை வேண்டும், உறவுக்கார இனங்களிலிருந்து எப்படி வேறு என்று சொல்ல வேண்டும். எல்லாம் ரெடி. பெயர்கூட ரெடி: கல்லக்குடியென்சிஸ். பாறைக்குக் கிடைக்காத நியாயம் படிமத்துக்காவது கிடைக்கட்டுமே. மயிலாப்பூர் வீட்டில் பாட்டி வரைக்கும் சொல்லியாயிற்று.

சார் ஐந்து நிமிடம் பார்த்தார். "மூடி எங்கப்பா?" என்றார்.

உள்ளே இருந்த உயிர் வெளியேறும்போது கூட்டின் உச்சி மூடி போலக் கழன்றுவிடும். தலைக் குழாய்கள் நாலும் அந்த மூடியில்தான் இருக்கும். நான் இனம் என்று நினைத்தது, ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு! 1830களில் இவற்றைப் பார்த்த எஹ்ரன்பெர்க்கே நன்னீர்ப் பாசியோடு சேர்த்துவிட்டார். 1961ல் எவிட் என்பவர் இந்த ஓட்டையையும் தட்டு அடையாளங்களையும் வைத்துத்தான் இவை டைனோஃப்ளாஜெல்லேட் கூடுகள் என்று காட்டினார். இதைப் பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன், அதுதான் கொடுமை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நோட்டைப் புரட்டினால் "தெரியாத வகை 7" என்று நாலு குழாயோடு குட்டித் தொப்பிகளை வரைந்து வைத்திருக்கிறேன். பதினொன்று. ஒரே ஜீவனை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் பெயர் வைத்து, இன்னொன்றை அநாதையாக விட்டிருக்கிறேன்.

இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினேன்: ஆலிகோஸ்ஃபெரிடியம் காம்ப்ளெக்ஸ். உலகம் முழுக்கக் கிரெட்டேஷியஸ் பாறைகளில் கிடைக்கிற சாதாரண இனம்.

ராத்திரி தோசை வார்த்தபடி பாட்டி கேட்டாள், "உன் பூச்சிக்குப் பேரு வெச்சாச்சாடா?"

"அதுக்கு 1842லயே வெச்சுட்டாங்க பாட்டி."

"நல்லதாப் போச்சு. சாப்பிடு."