799 ரூபாய் ரேம்... பழி விழுந்ததோ பையன் மேல்!

திருமங்கலத்தில் தாலுகா ஆபீஸ் போகிற வழியில் ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம். கடையை நடத்துகிற அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான் இருப்பார். கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் செகண்ட் ஹேண்ட்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடையில் கூட்டம் நெரியும். வருமானச் சான்று, சாதிச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என்று ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். 4 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு அந்த கம்ப்யூட்டர் தவித்தது. "சுத்துது... சுத்துதுக்கா" என்று வருகிறவர்கள் திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ப்ளஸ் ஒன் முடித்திருந்த மகன் பொங்கலுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வைத்திருந்தான். ஆன்லைனில் தேடி 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றைப் பிடித்தான். 799 ரூபாய். அதுவரை கேள்விப்படாத பிராண்டுதான், ஆனால் நான்கு ஸ்டார். அம்மாவுக்குச் சொல்லாமலே ஆர்டர் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. இரவு கடை சாத்தியதும் வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய ரேமைக் கழற்றி எடுத்து, புதியதை 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் பறந்தது. "பரவால்லயே, எம் பையன்!" என்று அன்று நான்கு பேரிடமாவது சொல்லியிருப்பார் அம்மா.

அந்தப் பெருமை ஒரு நாள்தான் நின்றது.

புதன்கிழமை மதியம் திரை திடீரென்று நீலமாகி, தானாக ஆஃப் ஆகி, மறுபடி ஆன் ஆனது. அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை அப்படி. வியாழக்கிழமை காலை ஒருவர் மகளுடன் வந்து நின்றார். சித்தாள் வேலைக்குப் போகிறவர். முதல் நாள்தான் மகளின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் வாங்கிப் போயிருந்தார்.

"அக்கா, காலேஜ்ல போட்டுப் பார்த்தா ஃபைலு தெறக்கவே மாட்டேங்குது. இன்னிக்கும் லீவு போட்டுட்டு வந்துருக்கேன்."

ஒரு நாள் கூலி போச்சு. அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அம்மாவை உலுக்கியது. மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. பிறகு அவர் முன்னாலேயே மகன் பக்கம் திரும்பினார்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்தத ஏன்டா நோண்டுன? நீ கைய வச்சது, எல்லாம் போச்சு."

பையன் ஒன்றும் பேசவில்லை. பழைய ரேமை எடுத்து மாட்டினான். கம்ப்யூட்டர் மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடியது. "பாத்தியா? பழசு ஓடுதுல்ல? அப்ப நீ மாட்டுனதுதான் தப்பு" என்றார் அம்மா.

கேட்பவர்களுக்கு இது சரியாகத்தான் தோன்றும். ஆனால் மாட்டிய விதம் தப்பு என்பதற்கும், மாட்டிய பொருளே கெட்டது என்பதற்கும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான். இரண்டில் எது என்று சோதிக்காமல் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு சிஸ்டம் சர்வீஸ் அண்ணனிடம் ரேமை எடுத்துப் போனான். அவர் ரேமின் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டு, "அழுக்கா இருந்தாலும் இப்படி ஆகும். மறுபடி மாட்டிப் பாரு" என்றார். மாட்டினான். மாலை வரை ஒரு பிரச்னையும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மறுபடி நீலத் திரை.

ஏன் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் படுத்துவிடுகிறது? அண்ணன் சொன்ன விளக்கம் எளிமையானது. ரேம் என்பது பெரிய லாட்ஜ் மாதிரி. கோடிக்கணக்கான அறைகள். அதில் ஒன்றிரண்டு அறையில் மட்டும் கூரை ஒழுகுகிறது. கூட்டம் இல்லாத நாளில் அந்த அறைக்கு யாரும் போகமாட்டார்கள், குறையும் தெரியாது. முகூர்த்த நாளில் எல்லா அறையும் நிரம்பும்போதுதான் யாராவது நனைவார்கள். கம்ப்யூட்டர் நின்றுவிட்டாலாவது நமக்குத் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஒரு ஃபைலைத் தப்பாகப் பதிந்து வைத்துவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. சித்தாள் வேலை பார்ப்பவரின் ஃபைலுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மெம்டெஸ்ட்86 பிளஸ்னு ஒண்ணு இருக்கு தம்பி. இலவசம்தான். பென் டிரைவ்ல ஏத்தி, அதுலேர்ந்தே கம்ப்யூட்டர ஆன் பண்ணு. விண்டோஸ் வேணாம். ஒவ்வொரு ரூமா தட்டித் தட்டிப் பாக்கும்."

சனிக்கிழமை இரவு கடைக்குள்ளேயே உட்கார்ந்தான். மதர்போர்டில் ரேம் மாட்ட இரண்டு இடங்கள். முதலில் பழைய ரேமை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி மாட்டிச் சோதித்தான். ஒரு பிழையும் இல்லை. பிறகு புதியது. கொஞ்ச நேரத்தில் நீலத் திரையில் சிவப்புக் கோடுகள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ஒரு பிழை. இடத்தை மாற்றி மாட்டினான். அப்போதும் அதே சிவப்பு.

பதினொரு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு அம்மா வந்து நின்றார். பையன் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பழையதைப் போட்டுக் காட்டினான், புதியதைப் போட்டுக் காட்டினான். அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் தன் போனை எடுத்தார்.

"நான் ஆட்டாம வீடியோ புடிக்கிறேன். நீ அதுல இருக்கறதப் படி."

மாற்றித் தரும் காலம் 7 நாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி நாளில், ஆப்பில் புகார் பதிந்தார்கள். வந்த முதல் கேள்வி: 'பொருளைச் சரியாகப் பொருத்தினீர்களா?' அம்மாவுக்குச் சுருக்கென்றது. வியாழக்கிழமை அவர் கேட்டதும் இதையேதான்.

வீடியோவை அனுப்பினார்கள். 'ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்' என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை, 'மாற்றித் தரும் காலம் முடிந்துவிட்டது' என்று சொல்லிப் புகாரையே மூடிவிட்டார்கள். புகார் கொடுத்தது காலத்துக்குள் என்பது ஸ்கிரீன்ஷாட்டில் தெளிவாக இருந்தது.

அங்கேதான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். எண்ணூறு ரூபாய்க்கு யார் அலைவது என்று தோன்றிவிடும். மலிவுப் பொருளில் குறை இருந்தால் நட்டம் பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுவது இப்படித்தான். அம்மா விடவில்லை. விண்ணப்பம் நிரப்புவதே பிழைப்பாக இருப்பவருக்கு ஒரு புகார் எழுதுவது பெரிய காரியமா?

2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு ஆன்லைன் விற்பனைத் தளமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்த அதிகாரிக்கு ஆர்டர் எண், தேதி, வீடியோ, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அம்மாவே டைப் செய்து அனுப்பினார். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தார். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அதிகாரிக்கு எழுதிய பத்தாவது நாள், பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகத் தகவல் வந்தது.

எடுக்க வந்த தம்பி, பொருள் வந்த பிளாஸ்டிக் உறையைக் கேட்டார். அதை அம்மா என்றைக்கோ தூக்கிப் போட்டிருந்தார். கழிவுத்தாள் மூட்டையைக் கொட்டி அரை மணி நேரம் கிளறியதில், நல்லவேளை, கிடைத்தது. ரேமில் இருந்த எண்ணும் உறையில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. நான்கு நாள் கழித்து 799 ரூபாய் கணக்கில் ஏறியது.

அடுத்த ரேமை சிஸ்டம் சர்வீஸ் அண்ணனிடமே வாங்கினார்கள். பழையதுதான், விலையும் 1,300 ரூபாய். ஆனால் கண் முன்னாலேயே சோதனை ஓட்டிக் காட்டிக் கொடுத்தார். இப்போது கடைக்கு எந்த சாமான் வந்தாலும் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுகிறார்கள். வந்த அன்று இரவே சோதனை. உறையும் பில்லும் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன.

போன வாரம் அந்த சித்தாள் வேலை பார்ப்பவர் மகளின் கல்வி உதவித்தொகைக்காக வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி நோண்டிக் கெடுத்தத சரி பண்ணிட்டீங்களாக்கா?" என்று சிரித்தார்.

அம்மா டைப் அடிப்பதை நிறுத்தினார். ஜெராக்ஸ் மெஷின் பக்கம் நின்றிருந்த மகனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கெட்டது ரேம்தாண்ணே. அவன் சரியாத்தான் மாட்டுனான். நான்தான் தப்பா பேசிட்டேன்."