அட்டை வாங்கலாமா? ஆம்பூரிலிருந்து சென்ட்ரல் வரை

தோல் தொழிலால் பெயர்பெற்ற நம் பகுதிக்கும் சென்னை மாநகருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. தென்னிந்தியாவின் முதற் பிரயாணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கியபோது, அது வந்து நின்ற எல்லை நம் வாலாஜா ரோடே. பின்னர் இருப்புப்பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடர்ந்து ஜோலார்பேட்டையை அடைந்தது. 1864-இல் பெங்களூரையும் எட்டிற்று. ஆகவே சென்னைக்குப் போவதும் வருவதும் நம் பாட்டனார் காலத்திலிருந்தே நமக்குப் பழகிய காரியம்.

இன்றும் விடியுமுன் ஜோலார்பேட்டையில் புறப்படும் ஏலகிரி விரைவு வண்டியில் ஏறினால், நம் ஊர்களின் முழு வாழ்க்கையையும் ஒரே பெட்டிக்குள் காணலாம். தோல் மாதிரிகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருக்கும் வியாபாரி. மகளைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும் தகப்பனார். கலியாணப் புடவை எடுக்கப் புறப்பட்ட ஏழெட்டுப் பேர். காலணித் தொழிற்சாலையில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, நோயுற்ற தாயை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பெண். சன்னலுக்கு வெளியே பாலாறு பெரும்பாலும் வெறும் மணலாகக் கிடக்கிறது. பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இந்நிலத்துக்கும் நீருக்கும் இழைத்த கேட்டைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் அதே துயரைப் பற்றித் தீர்ப்புக் கூற வேண்டியதாயிற்று. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். மேலே செல்வோம்.

சென்ட்ரலில் இறங்கிய பின்னரே நாம் பேச வந்த கேள்வி எழுகிறது. நிலையத்தின் அருகே படியிறங்கினால் பூமிக்கடியில் மெட்ரோ நிலையம். 2018 மே மாதத்தில் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் நீலத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கின்றன. பச்சைத் தடத்தில் எழும்பூர், கோயம்பேடு, வடபழநி வழியாகப் பரங்கிமலை வரை போகலாம். நீலத் தடத்தில் சின்னமலை, கிண்டி, விமான நிலையம் செல்லலாம். தோமையாரின் திருத்தலங்களைத் தரிசிக்க விரும்பும் குடும்பங்களுக்கு இவ்விரு தடங்களும் பெருந்துணை. (சாந்தோமுக்கு மட்டும் பேருந்துதான்.) அங்கே தானியங்கிக் கதவின்முன் நிற்கையில், நகரவாசிகள் சிறு அட்டையொன்றைத் தொட்டுவிட்டு விடுவிடுவென்று உள்ளே போகின்றனர். அதைக் கண்டு திரும்பியவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது: “சாமி, நாங்களும் அந்தக் கார்டு வாங்கிக்கணுமா?”

அந்த அட்டை யாதென்று முதலில் அறிந்துகொள்வோம். எந்நகரத்திலும் செல்லத்தக்க பொதுப் போக்குவரத்து அட்டை என்னும் திட்டம் 2019 மார்ச் மாதம் அகமதாபாத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்படி பாரத ஸ்டேட் வங்கியின் துணையோடு 2023 ஏப்ரலில் சென்னை மெட்ரோவில் வந்ததே ‘சிங்காரச் சென்னை அட்டை’. 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் நடத்துநரின் கருவியில் இதனைத் தொட்டுச் சீட்டுப் பெறலாம். மெட்ரோ நிறுவனம் தானே வழங்கிவந்த பழைய பயண அட்டைக்குப் பணம் ஏற்றுவது 2025 ஆகஸ்டு முதல் நாளோடு நின்றுவிட்டது; அப்பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருப்போர் இதனைக் கவனிக்க. பெங்களூர் மெட்ரோவும் பொது அட்டையை ஏற்றுக்கொள்கிறது என்பதால், இரு பெருநகரங்களுக்கும் நடுவே வாழும் நம்மவருக்கு ஒரே அட்டை இரு திசையிலும் பயன்படும்.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும் அன்றோ? சென்னை மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். மிக அதிகம் 50. அட்டையைப் பயன்படுத்துவோருக்கு நூற்றுக்கு 20 தள்ளுபடி. 40 ரூபாய்ப் பயணத்தில் 8 ரூபாய் மிச்சம், போகவர 16. ஆண்டுக்கு ஒருமுறை பரங்கிமலைக்குச் செல்லும் ஒருவருக்கு அவ்வருடம் முழுவதற்கும் கிடைக்கும் ஆதாயம் இவ்வளவே. இதே தள்ளுபடி கைப்பேசியில், வாட்ஸ்அப் வழியாகவேனும் மெட்ரோவின் செயலி வழியாகவேனும், எடுக்கும் சீட்டுக்கும் உண்டு. மேலும் கதவு ஓர் அட்டைக்கு ஒருவரையே உள்ளே விடும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து அட்டைகள் வேண்டும். கைப்பேசியிலோ ஒருவரே அனைவருக்கும் சீட்டு எடுத்துவிடலாம்.

ஏற்றிய பணம் என்ன ஆகும் என்பதும் சிந்திக்கத்தக்கது. அடையாளச் சான்று கேளாமல் வழங்கப்படும் போக்குவரத்து அட்டைகளுக்கென ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் விதி வகுத்தது. அவற்றில் 3,000 ரூபாய்க்கு மேல் இருத்தலாகாது. காலாவதி இல்லாமல் வழங்கலாம். ஆனால் ஏற்றிய பணத்தை ரொக்கமாக எடுக்கவோ திரும்பப் பெறவோ இயலாது. பொது அட்டையில் பயணத்துக்கான தொகை அட்டையின் சில்லுக்குள்ளேயே தங்குகிறது. அட்டை தொலைந்தால் அது மணிப்பர்ஸ் தொலைந்ததற்குச் சமானம். வருடத்துக்கு ஒருமுறை செல்பவர் 200 ரூபாய் ஏற்றி, 64 ரூபாய் செலவழித்து, மீதியைப் பீரோவில் பூட்டி வைப்பது, ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதைதான். ஜப்பான் நாட்டார் இவ்விஷயத்தில் வெளிப்படையானவர்கள்: வெளிநாட்டு விருந்தினருக்கென்றே 28 நாள் மட்டும் செல்லும் ‘வெல்கம் சுய்கா’ அட்டையை 2019 முதல் விற்கின்றனர்; மீதி திரும்ப வராது என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகின்றனர். நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலோ, கையிலுள்ள வங்கி அட்டையையே தொட்டுப் பயணம் செய்யும் வசதி அதே ஆண்டில் வந்துவிட்டது.

பெண்மக்களுக்கு இன்னொரு செய்தி. 2021 மே முதல், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலூரிலும் அப்படியே, சென்னையிலும் அப்படியே. ஆதலின் பேருந்துக்காக அவர்கள் அட்டை வாங்கத் தேவையே இல்லை.

இவ்வளவும் கூறியபின், ‘அட்டை வேண்டாம்’ என்று முடித்துவிடலாமெனத் தோன்றும். நாம் அவ்வாறு முடிக்கத் துணியவில்லை. முன்னே சொன்ன அந்தப் பெண்ணையும் அவள் தாயையும் நினைத்துப் பாருங்கள். மாதந்தோறும், சில வேளை இருமுறை, அவர்கள் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவிலும், அப்பால் பேருந்திலும் போக வேண்டும். பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர்கள், வாட்ஸ்அப்பை அறியார்கள். அவர்கள் சாளரத்தில் வரிசையில் நின்று, ரொக்கம் கொடுத்துக் காகிதச் சீட்டு வாங்குகின்றனர். அந்தக் காகிதச் சீட்டுக்கு மட்டும் தள்ளுபடி இல்லை! விலையுயர்ந்த கைப்பேசியை உடைய இளைஞனுக்கு 32 ரூபாய். தோல் வெட்டிக் கைகாய்த்த அந்தத் தாய்க்கு 40 ரூபாய். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் தீங்கு நினைத்தவர்களல்லர். காகிதத்தையும் வரிசையையும் குறைக்க எண்ணினார்கள். ஆயினும் அதன் சுமை வந்து விழுவது யார் தோளில் என்பதைக் காணாதிருக்க இயலுமோ? மேற்பார்வைக்கு எட்டு ரூபாய் அற்பம். மாதம் இருமுறை, இருவராகப் போய்வந்தால் மாதத்துக்கு 64 ரூபாய். அது ஒரு வேளை உணவு, மருத்துவமனை வாசலில் இரண்டு இளநீர்.

அத்தகையோருக்கே அந்த அட்டை. கைப்பேசியில் சீட்டு எடுக்க அறியாதவர், ஆனால் அடிக்கடி போக நேர்ந்தவர் தயங்காமல் ஆளுக்கொன்று வாங்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை செல்லும் குடும்பங்கள், படித்த பிள்ளையின் கைப்பேசியை நம்பலாம். அதுவும் இல்லையேல் காகிதச் சீட்டே போதும், ஐந்து பத்து ரூபாய்க்காகக் கலங்க வேண்டாம். சீட்டுச் சாளரங்கள் மட்டும் மூடப்படாதிருக்க வேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. அட்டை மெட்ரோ நிலையச் சாளரத்திலேயே கிடைக்கும். சென்ட்ரலில் இறங்கிய பின் வாங்கினால் போதும். முதலில் 100 அல்லது 200 ரூபாய்க்கு மேல் ஏற்ற வேண்டாம். ஆம்பூரில் இருக்கும் பேரன் தன் கைப்பேசியிலிருந்து பாட்டியின் அட்டைக்குப் பணம் அனுப்பினால், அது உடனே அட்டைக்குள் சென்றுவிடுவதில்லை. நிலையத்திலுள்ள கருவியில் அட்டையை ஒருமுறை வைத்துத் தொகையைப் பதிவு செய்த பிறகே சேரும். அதைச் செய்யாமல் நேரே கதவுக்குப் போனால் கதவு திறவாது. ஆகையால், கதவை நெருங்குமுன் சாளரத்தில் இருப்பவரிடம் அட்டையை நீட்டி, “பணம் ஏறியிருக்கிறதா பாருங்கள், ஐயா” என்று கேட்கும்படி பாட்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.