செத்த பாட்டி போட்ட டீ

அந்த நாவலில் பாட்டி மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். மழையில் அடக்கம், கறுப்புக் குடைகள், கதாநாயகி மயங்கிச் சரிய கோடீஸ்வரன் தாங்கிப் பிடிப்பது, எல்லாம் முறையாக நடக்கிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அதே பாட்டி அடுப்படியில் நின்று டீ போட்டுக் கொடுத்து, நல்ல பையனை விட்டுவிடாதே என்று பேத்திக்குப் புத்தி சொல்கிறாள். ஆவிக்கதையோ என்று நாலு பக்கம் பொறுத்துப் பார்த்தேன். இல்லை. எழுதிய அம்மாள் மறந்துவிட்டார். எழுதுகிறவர்கள் மறக்கத்தான் செய்வார்கள், அதில் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜீவன்கூட அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

தம்பி மகள் சொல்லி கிண்டிலில் வாங்கிய ஆங்கில நாவல் அது. நாயகன் மேக்ஸுக்கு வயது இருபத்தொன்பது. நியூயார்க்கில் அறுபதாவது மாடியில் ஆபீஸ், சொந்த விமானம், சிரிக்காத முகம். கண் சாம்பல் நிறம் என்று முதல் அத்தியாயம் சொல்கிறது. லிஃப்டுக்குள் அது பச்சையாகிவிடுகிறது. படுக்கையறையில் மறுபடி சாம்பல். அவனுக்கு முதலில் ஆர்ட் என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும். நடுவில் மனம் மாறி, ஆர்ட் என்று வருகிற இடமெல்லாம் மேக்ஸ் ஆகட்டும் என்று கணினிக்கு உத்தரவு போட்டிருக்கிறார். கணினி சொன்ன பேச்சுத் தட்டாத பிள்ளை. ஹார்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி மூன்று எழுத்தையும் அது விடவில்லை. அவனைப் பார்த்த போதெல்லாம் அவளுடைய ‘ஹெமேக்ஸ்’ படபடவென்று அடித்துக்கொண்டது. முன்னூறு பக்கக் காதல் கதையில் ஒருத்தருக்கும் இதயம் கிடையாது.

மாயவரத்துப் பெரியம்மா கையில் இது கிடைத்திருந்தால் பென்சில் தேய்ந்தே போயிருக்கும். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு வாடகை நூலகம் இருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே மரப்படி ஏறிப் போக வேண்டும். பழுப்புக் காகித அட்டை போட்ட நாவல்கள், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்த பைண்டு வால்யூம்கள். ஒரு பக்கத்தில் காதலி அழுதுகொண்டிருப்பாள், அதே தாளின் பின்னால் பாதி வெட்டுப்பட்ட பல்பொடி விளம்பரம் இருக்கும். புத்தகத்தை எடுத்துவரவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் நான்தான் ஆள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் பெரியம்மா முந்தானையை விரித்துத் தரையில் படுத்து, காதில் செருகிய பென்சிலோடு படிப்பாள். மளிகைக் கணக்கு எழுதுகிற அதே குட்டைப் பென்சில். தப்பைக் கண்டால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, ரொம்பக் கோபம் வந்தால் ஒரு வரி. “ஏண்டி, இவ போன அத்தியாயத்துல மூணு மாசம் முழுகாம இருந்தா. அதுக்குள்ள எப்புடிப் புள்ளைக்குப் பேரு வைக்கிறா?” என்று என்னைக் கேட்பாள், ஏதோ நான் எழுதினாற்போல. கோடு போட்டதற்கு நூலகக்காரர் முதலில் சத்தம் போட்டார். பிறகு, “அந்தக்கா கோடு போட்ட புக்கு எதாச்சும் இருக்கா?” என்று கேட்டு வாங்குகிற பெண்கள் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அவள் படித்ததும் பணக்கார நாயகன் கதைதான். ரமணிசந்திரன் நாவல் என்றால் சாப்பாடுகூட இரண்டாம்பட்சம். தொழிலதிபர், பங்களா, வெடுக்கென்ற பேச்சு, உள்ளே ஈரமான மனசு. நாயகி ஏழையாக இருக்கலாம், ரோஷத்துக்குக் குறைச்சல் இருக்காது. முதல் அத்தியாயத்திலேயே இவனுக்கு இவள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இப்படி முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்கிறார்கள் என்று கேலி செய்த மாமாக்கள் எங்கள் வீட்டில் உண்டு. ராமன் வில்லை ஒடிப்பானா மாட்டானா என்று தெரியாமலா கதாகாலட்சேபத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள்? முடிவு தெரிந்துவிட்டால் மிச்சமிருப்பது நடுவில் உள்ளதுதான். அவன் எப்போது முதல் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அன்றைக்கு அவள் என்ன புடவை, மோதிரத்தை எந்தக் கையால் வாங்கினாள். காதல் கதை வாசகியைப் போல உன்னிப்பாகப் படிக்கிறவர்கள் குறைவு என்பது என் கட்சி. இலக்கியப் பத்திரிகை நண்பர்கள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

பின்னாளில் ஒரு வார இதழில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியம்மாவைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தது. ஒருவர் கையெழுத்துப் பிரதியை நிறுத்தி நிறுத்திப் படிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் திருத்திக்கொண்டே வர வேண்டும். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சத்தமாகச் சொல்லுவோம். காதல் வசனத்தை அந்த ராகத்தில் கேட்டவர்களுக்கு ஆயுசுக்கும் காதல் வராது. உதவி ஆசிரியர் ஒவ்வொரு தொடர்கதைக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். பாத்திரத்தின் பெயர், வயது, உறவு, ஊர், என்ன கார், எந்தக் காலில் அடிபட்டது. எழுத்தாளர் அத்தியாயத்தைக் கடைசி நிமிஷத்தில்தான் அனுப்புவார், அந்த அவசரத்திலும் நோட்டைப் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போகாது. ஓவியருக்கும் அதிலிருந்துதான் தகவல். ஒருமுறை மீசை இல்லாத நாயகனுக்கு அவர் மீசை போட்டுவிட்டார். அடுத்த வாரம் தபால்காரர் அஞ்சலட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டார். “எங்கள் அருணுக்கு மீசை கிடையாது” என்று ஒரு அட்டையில் சிவப்பு மையில் இருந்தது. எங்கள் அருண்!

மேக்ஸின் பணக் கணக்குக்கும் அப்படி ஒரு நோட்டு இருந்திருக்கலாம். அவனிடம் ஐந்து பில்லியன் டாலர் இருக்கிறதாம். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி டாலர், நம் கணக்கில் 8,000 கோடி ரூபாய்க்கு மேல். அப்படிப்பட்டவன் பதினோராம் அத்தியாயத்தில் 20 லட்சம் டாலர் கடனுக்காக விடிய விடிய உலாத்துகிறான். கல்லூரியில் பாடமாக வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நினைவுக்கு வராமல் என்ன செய்யும்? 1813இல் வந்த நாவல். அதுவும் பணக்காரனை மணக்கிற கதைதான். நாயகன் டார்சிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு. அவன் நண்பன் பிங்க்லிக்கு அப்பா வைத்துவிட்டுப் போனது கிட்டத்தட்ட ஒரு லட்சம் பவுண்டு, வருமானம் நாலாயிரமோ ஐந்தாயிரமோ என்று ஊர் பேசிக்கொள்கிறது. நாலைந்து சதவீத வட்டி போட்டுப் பாருங்கள், ஒத்துவரும். காலின்ஸ் பெண் கேட்கும்போதுகூட, உன் அம்மா காலத்துக்குப் பிறகு உனக்கு வருவது 4 சதவீதப் பத்திரத்தில் கிடக்கிற 1,000 பவுண்டுதான் என்று நாயகி எலிசபெத்தின் முகத்துக்கு நேரே கணக்குச் சொல்கிறார். அந்தக் கணக்குச் சரியாக இருப்பதால்தான் அவள் முடியாது என்று சொல்வதற்கு அவ்வளவு கனம். மேக்ஸின் பணத்துக்கு எடையே இல்லை. ஆகவே அதை அவள் வேண்டாமென்று தள்ளுகிற காட்சியிலும் ஒன்றும் அசையவில்லை.

தம்பி மகளிடம் இதைச் சொன்னேன். “யாரு அத்தை இதெல்லாம் பாக்குறாங்க? ஃப்ளோல போயிடும்” என்றாள். ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ வந்தபோதும் இதே பேச்சுதான். ‘ட்வைலைட்’ ரசிகர்களுக்கான இணையக் கதையாகப் பிறந்து, 2012இல் பெரிய பதிப்பகத்துக்குப் போய், 2014க்குள் மூன்று பாகமும் சேர்ந்து பத்துக் கோடிப் பிரதி தாண்டிய புத்தகம். நாயகி எத்தனை தடவை உதட்டைக் கடிக்கிறாள் என்று சலித்துக்கொள்ளாத வாசகர் இல்லை, இருந்தும் விற்றது. அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், எடிட்டிங் தண்டச் செலவு என்பது. மாதச் சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் திட்டத்தில் 2015 ஜூலையிலிருந்து வாசகர் புரட்டிய பக்கத்துக்குத்தான் எழுதியவருக்குக் காசு. பிறகு யார் பக்கத்தைக் குறைப்பார்கள்? பதிவேற்றும்போது எழுத்துப்பிழை இருந்தால் கணினி சுட்டிக்காட்டும். பாட்டி செத்துவிட்டாள் என்பது அதற்குத் தெரியாது.

நாவலின் கடைசிப் பக்கத்தில் எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. பக்க எண்ணோடு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், திட்டாமல்தான். மூன்றாம் நாள் பதில் வந்தது. பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாராம் (ஐந்து பில்லியன் விஷயத்தில் அதுதான் எனக்கு ஆச்சரியம்). பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுவாராம். ஆங்கில நாவலுக்கு எடிட்டர் வைத்தால் கேட்கிற கூலி, புத்தகம் கொண்டுவருகிற பணத்தைவிட அதிகமாம். இதுவரை யாருமே பாட்டியைப் பற்றிக் கேட்கவில்லை, அவ்வளவு கவனமாகப் படித்தீர்களா என்று வியந்திருந்தார். இரண்டாம் பாகத்தைப் பதிவேற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். கோப்பையும் கையோடு இணைத்துவிட்டார்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோட்டுப் போட்டாயிற்று. மேக்ஸ், வயது முப்பது, கண் சாம்பல், பாட்டி காலமாகிவிட்டாள். ஏழாம் அத்தியாயத்துக்குள் அவனுக்கு ஒரு தங்கை முளைத்திருக்கிறாள், முதல் பாகத்தில் அவன் ஒரே பிள்ளை. கூலி எதுவும் பேசவில்லை. பெரியம்மா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.