கலப்புணவும் சமையலறைக் கதவும்

என் மகள் இலண்டனில் கணக்காளராகத் தொழில் பார்க்கிறாள். 2025ஆம் ஆண்டு யூலை மாதம் அவளிடம் சென்று சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "அப்பா, இண்டைக்கு வீட்டிலை சமைக்கேல்லை. வெளியிலை பிறன்ச் சாப்பிடப் போவம்" என்றாள். பிரெஞ்சுக்காரரின் உணவைத்தான் சொல்கிறாளாக்கும் என்றெண்ணி, "எனக்கு அந்தச் சாப்பாடு ஒத்துவராது பிள்ளை" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

காலையுணவுக்கும் மதிய உணவுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் இரண்டையும் வெட்டி ஒட்டிச் செய்த சொல் அது. 1895ஆம் ஆண்டில் கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஒரு சஞ்சிகையில் இதற்காக வாதாடிக் கட்டுரை எழுதினார். சனிக்கிழமை இரவைக் கேளிக்கையிற் கழித்தவர்கள் ஞாயிறன்று பிந்தியெழுந்து இரு வேளை உணவையும் ஒன்றாக உண்ணலாம் என்பது அவருடைய யோசனை. இரண்டு வேளையை ஒரு வேளையாக்கும் வித்தை ஏழைகளுக்குப் புதிதன்று. விடியற்புறத்தில் வெறுந்தேநீரோடு தோட்டத்துக்கு இறங்கி, பத்து மணிக்குமேல் பழஞ்சோற்றைப் பிசைந்து உண்ட கமக்காரர்களை நான் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். அவர்கள் அதற்குப் பெயரிடவில்லை. பெயரிட்டு விற்கும் வசதியும் அவர்களுக்கு இருக்கவில்லை.

நாங்கள் சென்ற கடை கிழக்கு இலண்டனில் ஒரு சிறு தெருவில் இருந்தது. இருபது பேருக்குமேல் அமர இடமில்லை. கடையை நடத்துபவர் குஜராத்தி வமிசத்தைச் சேர்ந்த ஓர் இளம் பெண். 1972இல் இடி அமீன் ஆசிய மக்களை உகண்டாவிலிருந்து விரட்டியபோது தம் பாட்டனார் ஒரேயொரு பெட்டியுடன் இந்நாட்டுக்கு வந்தார் என்று அவரே எங்களுக்குச் சொன்னார். ஆங்கிலக் காலையுணவோடு இந்தியச் சுவையைச் சேர்த்துச் சமைப்பது அவருடைய கடையின் சிறப்பாம்.

உணவுப் பட்டியலை வாசித்தேன். மசித்த அவகாடோவும் அரைவேக்காட்டு முட்டையும் வைத்த தோசை, 14 பவுண். புகையூட்டிய மீனும் அவித்த முட்டையும் கலந்த கெட்ஜரிச் சோறு, 15 பவுண். கீழே, 'சிலோன்' தேநீர் ஒரு கேத்தல், நாலரைப் பவுண். எங்கள் நாடு 1972இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. தேயிலை மாத்திரம் பழைய பெயரைக் கைவிடவில்லை.

தோசை வந்தது. சதுரமாக மடித்து, ஓரத்தில் மூன்று துளி சம்பலைப் பொட்டுப்போல் வைத்திருந்தார்கள். எனக்குள் இருந்த பழமைவாதி விழித்துக்கொண்டான். "தோசையைக் கெடுத்துப்போட்டினம்" என்று முணுமுணுத்தேன்.

மகள் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தாள். "அப்பா, நீங்கள் இருக்கிறது கதிரை. சாப்பிடுறது மேசையிலை. பக்கத்திலை யன்னல். வீட்டிலை காலமை தின்னிறது பாண். இதெல்லாம் போர்த்துக்கேயச் சொல்லு எண்டு எனக்குப் படிப்பிச்சது ஆர்?"

படிப்பித்தவன் நான்தான். வாய்மூடிச் சாப்பிட்டேன். சொல்லப்போனால் தோசை நன்றாகவே இருந்தது.

உண்ணும்போதே அவள் சொன்னதை மேலும் தொடர்ந்து சிந்தித்தேன். நமது கறியின் உயிர் என்று நாம் கருதும் மிளகாய் நம் மண்ணுக்குரியதன்று. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயரின் கப்பல்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். புதிதாக வந்த காய் மிளகைப்போல் உறைத்தமையால் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டனர். மசாலாத் தோசைக்குள் இருக்கும் உருளைக்கிழங்கும் அதே கண்டத்திலிருந்து வந்ததே. மறுபுறம், நமது மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயரின் நாவில் 'மல்லிகற்றாணி'யாகி அவர்களுடைய விருந்து மேசையில் ஏறிற்று. வட இந்தியாவின் கிச்சடி கெட்ஜரியாகி அவர்களுடைய காலையுணவாயிற்று. 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலிலேயே இந்திய முறைக் கறிக்குச் செய்முறை இருக்கிறது. ஆகவே தூய உணவு என்று ஒன்றைத் தேடிப் புறப்படுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். தூய இனத்தைத் தேடுபவர்களுக்கும் இதுவே கதி.

ஆயினும், உணவுகள் கலப்பதைக் கண்டு மனிதரும் கலந்துவிட்டனர் என்று மகிழ்பவர்களோடும் என்னால் உடன்பட இயலவில்லை. இந்தக் கலப்புக்கள் பல பீரங்கியின் நிழலில் நிகழ்ந்தவை. ஆங்கிலேயன் கிச்சடியைக் கற்றது விருந்தாளியாக வந்தன்று, ஆள்பவனாக வந்தே. பட்னாவிற் பிறந்து கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் பணியாற்றிய சேக் டீன் மஹோமட் என்பவர் 1810இல் இலண்டனில் இந்துஸ்தானிக் கோப்பிக்கடை ஒன்றைத் திறந்தார். 1812இல் அவர் கடனாளியாகி வங்குரோத்து அடைந்தார். பின்னாளில் சில்ஹெற் பிரதேசத்திலிருந்து வந்து பிரித்தானியக் கப்பல்களின் இயந்திர அறைகளிற் கரியள்ளிய மாலுமிகளிற் சிலர் துறைமுகத்தில் இறங்கி உணவுச்சாலைகளிற் புகுந்தனர். இந்திய உணவகம் என்று பலகை மாட்டிய கடைகளிற் பெரும்பாலானவற்றை நெடுங்காலம் நடத்தியவர்கள் அந்தச் சில்ஹெற் மக்களும் அவர்களின் சந்ததியினருமே. 2001இல் வெளிநாட்டமைச்சராக இருந்த றொபின் குக், சிக்கன் ரிக்கா மசாலா பிரித்தானியாவின் உண்மையான தேசிய உணவு என்று பேசினார். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட வார்த்தைதான். ஆனால் உணவுக்குக் கிடைத்த குடியுரிமை, அதைச் சமைத்தவர் எல்லாருக்கும் அவ்வளவு இலகுவிற் கிடைத்துவிடவில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு கை கழுவ எழுந்தேன். கழுவுமிடம் சமையலறைக்கு அப்பால் ஒரு சிறு நடையில் இருந்தது. நடையின் முடிவிற் பின்கதவு திறந்து கிடந்தது. கதவருகே கவிழ்த்து வைத்த பாற்பெட்டி ஒன்றின்மேல் ஓர் இளைஞன் அமர்ந்து தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தான். இடுப்பில் நனைந்த றப்பர் அங்கி. மடியிலே திறக்கப்படாத ஒரு சோற்றுப்பெட்டி.

"சாப்பிட்டேம்மா. நல்லாச் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?"

அந்தத் தமிழின் ஓசையை நான் அறிவேன். 1980களிற் சில ஆண்டுகள் அட்டனுக்கு அண்மையிலுள்ள பாடசாலை ஒன்றிற் படிப்பித்தவன் நான். அவன் பேசி முடிக்கும்வரை காத்துநின்று, "தம்பி, மலைநாடோ?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டு எழுந்தான். "ஆமாங்க ஐயா. அட்டன் பக்கம். ஐயா நம்ம நாடா?"

பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணிப் படிப்புக்கு வந்தவன். வயது இருபத்துமூன்று. தந்தை இல்லை. தமக்கை சவூதி அரேபியாவில் வீட்டுவேலை செய்து அனுப்பிய பணமும், அடகு வைத்த நகையும், வட்டிக் கடனும் அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தன. மாணவ விசாவிற் படிப்பு நடைபெறும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலமே வேலை செய்யலாம். அந்த நேரத்தையெல்லாம் அவன் இக்கடையிற் கோப்பை கழுவிக் கழித்தான்.

"அம்மா என்ன செய்கிறா?"

"கொழுந்து எடுக்கிறாங்க ஐயா."

"உங்கடை முதலாளி எப்பிடி?"

"நல்லவங்கதாங்க ஐயா. கூலியைச் சட்டப்படி குடுத்துர்றாங்க. கூட்டமா இருந்தா அவங்களும் வந்து பாத்திரம் கழுவுவாங்க." சிறிது தயங்கி, "முன்னால ஒக்காந்து சாப்பிட மட்டும் நம்மள விடமாட்டாங்க. எடம் இல்லேங்கிறாங்க" என்றான்.

மேசைக்குத் திரும்பியதும் கணக்காளரான என் மகளிடம் ஒரு கணக்குக் கேட்டேன். 2025 ஏப்ரிலில் அந்நாட்டில் இருபத்தொரு வயதும் அதற்கு மேலும் ஆனோரின் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. ஆகவே அவன் ஒரு மணிநேரம் முழுதும் கோப்பை கழுவினாலும் அக்கடையின் ஒரு தோசையை வாங்க முடியாது. இலங்கையிலே தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி, நெடிய போராட்டத்தின் பின்னர் 2021இல் ஆயிரம் ரூபாவாயிற்று. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. நாங்கள் குடித்த ஒரு கேத்தல் தேநீரின் விலை, அப்போதைய நாணய மாற்றின்படி, ஏறக்குறைய 1800 ரூபா. அந்தத் தாய் ஒரு முழுநாள் மலையேறிக் கொழுந்து பறித்து அப்போது பெற்ற கூலியிலும் அது அதிகமாக இருந்தது. அவள் பறித்த இலைக்குச் 'சிலோன்' என்னும் பெயர் உலகெங்கும் செல்லும் கடவுச்சீட்டாக இருக்கிறது. அவளுடைய முன்னோர்களின் குடியுரிமையையோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

கோபத்தோடு கடைக்காரியை நோக்கினேன். அவர் வியர்வை வழிய மூன்று தட்டுக்களை ஏந்திக்கொண்டு ஓடினார். வாடகைக்கும் கடனுக்கும் அஞ்சி ஓடும் ஒரு சிறு முதலாளி அவர். அவரை வில்லனாக்கிக் கதையை முடித்துவிடுவது எளிது. அப்படி முடிக்க விடாமல் ஒரு பழைய நினைவு என்னைத் தடுத்தது.

நான் சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்திற் பிறந்தவன். எங்கள் வளவிற் கொத்த வந்தவர்கள் வீட்டு விறாந்தையில் ஏறுவதில்லை. முற்றத்தில் நின்றபடி அவர்கள் தேநீர் குடித்தது சிரட்டையில். ஆச்சி உயரத்திலிருந்து ஊற்றச் சொல்லுவா, ஊற்றியவன் நான். சந்தியிலிருந்த தேநீர்க் கடையிலும் அவர்களுக்கு வாங்கு இல்லை. வெளியே நின்று போத்தலிலோ தகரப்பேணியிலோ வாங்கிக் குடிக்க வேண்டும். அந்தத் தேநீரும் மலையகத் தேயிலைதான், அதே கேத்தல்தான். பாத்திரமும் இடமும் மாத்திரம் வேறு.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும் அக்கடைகளின் வழக்கம் எளிதில் மாறவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, சாதியமைப்புக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தடியடி நடத்தினர். ஊர்வலம் கலைந்துவிடாமல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தேநீர்க் கடைகளின் வாங்குகளில் அமரும் உரிமைக்காக மனிதர் அடியுண்டனர், உயிரும் இழந்தனர். அன்றெனக்கு வயது பதின்மூன்று. ஊர்வலத்தின் கோஷம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. ஐயா படலையைப் பூட்டிவிட்டார். நான் உள்ளே இருந்தேன். பின்னாளில் அந்தப் போராட்டத்தைப் பற்றி மாணவர்களுக்கு எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். படலைக்கு உள்ளே இருந்ததை ஒருபோதும் சொன்னதில்லை.

அட்டனிற் படிப்பித்த காலத்தையும் நினைத்தேன். எங்கள் ஆசிரியர் அறையைக் கூட்டித் துப்புரவாக்கிய முதியவர் ஒருவர் எங்களுக்கு நாள்தோறும் தேநீர் வைத்துக் கொண்டுவந்து தருவார். சமத்துவம் பற்றி அந்த அறையில் நாங்கள் சூடாக விவாதித்திருக்கிறோம். "இருந்து ஒரு வாய் குடியுங்கோ" என்று எங்களில் ஒருவரேனும் அவரிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இலண்டன் கடையின் பின்கதவைக் குற்றஞ்சாட்டுமுன் என் வாழ்வின் கதவுகளை நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது மகள் கடைக்காரியிடம் பணிவாக ஒரு வார்த்தை சொன்னாள்: கூட்டம் குறைந்த வேளையிலாவது வேலையாட்கள் முன்னே அமர்ந்து உண்ணலாமே என்று. அவர் முகம் சிவந்தது. "யோசிக்கிறேன்" என்றார். யோசித்தாரோ, அறியேன். பின்பக்கம் சென்று அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும்படி நான் அந்த இளைஞனை அழைத்தேன்.

அவன் தனியே வரவில்லை. அக்கடையின் சமையற்காரரையும் அழைத்து வந்தான். தோசை வார்த்தவர் தமிழர் அல்லர், குஜராத்தியும் அல்லர். சில்ஹெற்றிலிருந்து வந்த ஒரு நடுவயதுக்காரர். வரும்போதே ஒரு பாத்திரத்தில் மீன் கறி கொண்டுவந்தார். மகள் கோதுமை மாப் புட்டு அவித்தாள். அந்த இளைஞன் வெங்காயம் வெட்டி, மலையகத்து வீடுகளில் ரொட்டிக்குச் செய்யும் காரச் சம்பலைச் செய்தான். நான் தேநீர் வைத்தேன். நால்வரும் ஒரே மேசையிலிருந்து, ஒரே விதமான கோப்பைகளிற் குடித்தோம். சில்ஹெற்காரருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு வங்காளம் தெரியாது. உடைந்த ஆங்கிலத்தில் அவரவர் ஊரில் மீன் விற்கும் விலையைப் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் விருந்து எவருடைய கூலியையும் உயர்த்திவிடாது என்பதை நான் அறிவேன். மறுநாள் அவன் அதே பாற்பெட்டியின்மேல் அமர்ந்துதான் உண்டிருப்பான். அந்தத் தாயும் அதே கூலிக்குத்தான் மலையேறியிருப்பாள். அவற்றை மாற்றுவது விருந்தினால் ஆவதன்று. தொழிலாளர் ஒன்றுசேர்ந்து கேட்பதினாலேயே ஆவது. 1966இலும் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் சேர்ந்து கேட்க வேண்டுமெனில் முதலிற் சேர்ந்திருக்கப் பழகவேண்டும். எழுபத்திரண்டு வயதில், என் ஊரிலன்று, அயல்நாட்டிலே அதை நான் பழகத் தொடங்கினேன் என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் கிராமத்துப் பழைய மாணவர் சிலரிடம் இக்கதையைச் சொன்னேன். இம்முறை படலை பூட்டியிருந்ததையும் சேர்த்தே சொன்னேன்.